தொட்டிலிலிருந்து அவிழ்த்த கூறை

பை கனமே இல்லை. ஒரு பட்டுப்புடவை எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான். கவரைப்பேட்டையில் அந்தத் தெருவை விட்டு நான் வெளியே நடந்துகொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தான். ஒரு பெண் கத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. ஓடினால் திருடியதாக ஆகிவிடும். நான் எடுத்துக்கொண்டு போனது எங்கள் வீட்டுப் பொருள்.

அரிசிப் பைக்குள் சுருண்டு கிடந்தது கூறைப்புடவை. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். எனக்குக் கல்யாணம் என்று என் அம்மா எடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு எனக்கு நிச்சயம் செய்த பெண் வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டினாள். இப்போது அதில் பால் வாடையும் மூத்திர வாடையும் அடித்தன. கொஞ்ச நேரம் முன்பு வரை அது அவள் குழந்தைக்குத் தொட்டிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அவளுடைய அண்ணன் ஆள் அனுப்புவதென்றால் முதலில் அங்கேதான் அனுப்புவான். நெடுஞ்சாலையில் ஏறித் தெற்கே நடந்தேன். பொன்னேரிக்குப் போய் ரயில் பிடிக்கலாம் என்று கணக்கு. உச்சி வெயில். இரும்புச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர்கள் போகும்போதெல்லாம் சாலையோரத்துக் கரித்தூள் எழும்பி முகத்தில் ஒட்டியது. பையின் வாயை இறுக்கிக் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டேன். தூசு உள்ளே போகக் கூடாது. அவ்வளவு வாடை அடித்த புடவைக்குத் தூசு பட்டால் என்ன என்று நினைக்கவில்லை.

நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்கப்புறம் செங்கல் சூளை, நெல்லூர் வரை போகும் லாரியில் கிளீனர், பழவேற்காட்டில் மீன் கூடைக்கு ஐஸ் உடைக்கிற வேலை என்று கால் போன பக்கம் போனேன். எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தபோதுதான் கொஞ்சம் நிலைத்தேன். அங்கே எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவன்தான் அவளுடைய அண்ணன்.

அவனாகத்தான் வந்து பேசினான்.

"தம்பி, என் தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கேன். உனக்கு இன்னா கொறச்சல்? குடி இல்ல, சூது இல்ல. ஒண்ணே ஒண்ணு. ஊட்டுல பெரியவங்க கேட்டா கான்ட்ராக்ட்னு சொல்லாத. பர்மனென்ட்னு சொல்லு. ஆறு மாசத்துல நானே உன்ன பர்மனென்ட் ஆக்கிடறேன்."

நான் அப்படியே சொன்னேன். சொல்லச் சொன்னவன் அவன். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கூறை எடுக்க இரண்டு வீட்டாரும் காஞ்சிபுரம் போனோம். என் அம்மா வாழ்நாள் முழுக்க நாற்று நட்டவள். அவள் கல்யாணத்தில் கட்டியது நூல் புடவை. எங்கள் வீட்டில் பட்டு என்று எவரும் கட்டியதில்லை. கடையில் பாய் விரித்து, புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வீசினார்கள். அம்மா எதையும் விரலால் தொடவில்லை. அவளுடைய விரல்கள் சேற்றில் வெடித்து சொரசொரப்பாக இருக்கும். பட்டில் பட்டால் இழை மாட்டிக்கொள்ளும். அதனால் புறங்கையால் தடவிப் பார்த்தாள். கடைக்காரருக்கு அது விளங்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அத்த, உங்களுக்கு எது புடிச்சிக்கீது?"

"நானா கட்டிக்கப் போறேன்? உனக்கு எது புடிக்குதோ எடும்மா."

"கட்டறது நானு. பாக்கறது நீங்கதான? சொல்லுங்க."

அம்மா அந்த மாம்பழ மஞ்சளைக் காட்டினாள். ரவிக்கை தைக்க வேண்டும், குஞ்சம் கட்ட வேண்டும் என்று பெண் வீட்டார் புடவையை அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள். ஊர் வழக்கம் அதுதான். எங்கள் வீட்டுக்குள் அந்தப் புடவை வரவே இல்லை.

எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையே ரிசப்ஷன் வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு கோட்டு, பேன்ட்டு, காலையில் கட்டப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை எல்லாம் பெண் வீட்டுச் செலவு. கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றேன். கழுத்தை இறுக்கியது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. அவள் பக்கத்தில் நின்றாள். எங்கள் இருவருக்கும் பேச எதுவும் இல்லை. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது சிரித்தோம்.

அப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலேயே நேராக வந்து இறங்கினார்கள். எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை. எங்கள் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளிக்குச் சாம்பல் நிறச் சட்டை, கான்ட்ராக்ட் ஆளுக்கு ஆரஞ்சு. கும்மிடிப்பூண்டியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம் உண்டு. எது எந்த ஆள் என்று டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். அவர்கள் சந்தோஷமாக மேடை ஏறினார்கள். என்னை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் ஆரஞ்சாக நின்றார்கள்.

முன்வரிசையில் பெண்ணுடைய தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கம்பெனியில் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கச் சட்டையைப் பார்த்தே ஆளை உள்ளே விட்டவர். எழுந்து வந்தார்.

"மாப்ள, உன் சேக்காளிங்க அல்லாரும் ஆரஞ்சுல வந்துக்கீறாங்க. சாம்ப சட்ட ஒருத்தன்கூட இல்லியா?"

நான் என் வருங்கால மச்சானைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, "மாமா, எனக்கே இப்பதான் சந்தேகமா கீது" என்றான்.

அதற்கப்புறம் நடந்ததை நீட்ட விரும்பவில்லை. என்னை மாப்பிள்ளை அறைக்குக் கூட்டிப் போனார்கள். பொய் சொன்னவன், ஏமாத்துக்காரன், பரதேசி. எல்லாம் சொன்னார்கள். அவனும் சேர்ந்து சொன்னான். என் அக்கா அவன் சட்டையைப் பிடித்து, "நீதானேடா சொல்லச் சொன்னே" என்று கேட்டாள். அவளை வெளியே தள்ளினார்கள். கடைசியில் அவன் சொன்னான்:

"எங்க டப்புல வாங்கின கோட்டு. கழட்டு. பேன்ட்டும்தான்."

கழற்றினேன். பனியனோடு நின்றேன். என்னோடு வேலை பார்ப்பவர்களில் ஒருவன் தன்னுடைய ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். இன்னொருவன் பையிலிருந்த லுங்கியைக் கொடுத்தான். வேலை முடிந்து மாற்றுவதற்கு வைத்திருந்த லுங்கி. என்னுடைய கல்யாண உடுப்பு என்று யாராவது கேட்டால் அந்த இரண்டும்தான்.

அதோடு போய்விடவில்லை. நாங்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆரஞ்சுச் சட்டைகள் நிறைய இருந்தன. வெஜிடபிள் பிரியாணி, பச்சடி, பாயசம், ஐஸ்கிரீம் எல்லாம் வாங்கிச் சாப்பிட்டோம். நான் மறுபடியும் ஐஸ்கிரீம் கேட்டு வாங்கினேன். அம்மா மட்டும் சாப்பிடவில்லை. அவள் மணமகள் அறை வாசலில் நின்று கூறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமி முன்னாடி வெச்சிட்டோம். எடுக்கக் கூடாது" என்று யாரோ பதில் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அதே மேடையில் அவளுக்குத் தாலி கட்டியவன் எங்கள் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். சாம்பல் சட்டைக்காரன். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு மொய்க் கவரோடு வந்து எனக்குக் கை கொடுத்தவன்.

அக்காவின் போனுக்கு யாரோ போட்டோ அனுப்பினார்கள். அம்மா போனைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். அவள் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, பெண்ணையும் அல்ல.

"பார்டரு நல்லாத்தான் நிக்குது" என்றாள்.

அக்காதான் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அந்தக் கிரேன்காரனுக்கு நல்ல தொந்தி. தோள் என்னைப்போல் இரண்டு மடங்கு. பட்டுச் சட்டை அவனுக்கு எங்கேயும் பிடிக்காமல், பொத்தான் இழுக்காமல், அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

"டேய், இது உனக்கு எடுத்த சட்டையா?" என்றாள் அக்கா.

எனக்கு எடுத்த சட்டையை நான் கடையில் போட்டுப் பார்த்திருந்தேன். அதை அவன் போட்டால் முதுகு கிழியும். ராத்திரி முடிந்து விடியற்காலைக்குள் எந்தக் கடையும் திறந்து சட்டை கொடுக்காது. அப்படியானால் அந்தச் சட்டை முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது. சில நாள் கழித்து, எனக்குச் சட்டை கழற்றிக் கொடுத்தவனிடம் கேட்டேன்: அன்றைக்கு ஏண்டா யூனிபார்மிலேயே வந்தீர்கள்? அவன் சொன்னான்: "உன் மச்சான்தாம்பா சொன்னாரு. டிரெஸ்லாம் மாத்த வாணாம், நேரா வந்துடுங்கன்னு. பஸ்ஸே ஏற்பாடு பண்ணிக் குடுத்தாரு."

மச்சானுக்குத் தன் தங்கைக்கு நல்ல இடம் வேறே அமைந்துவிட்டது. என்னைக் கழற்றிவிட ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஊரறிய நான் பொய்யனாக வேண்டும், அவன் ஏமாந்தவனாக வேண்டும். அதற்கு என் நண்பர்களையே ஆரஞ்சுச் சட்டையில் வரவழைத்தான்.

கம்பெனியை விட்டேன். ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி லாரி, மறுபடி சூளை. எங்கே படுத்தாலும் இரண்டு துணி கண்ணில் நிற்கும். ஒன்று கிரேன்காரன் போட்டிருந்த அந்தப் பட்டுச் சட்டை. இன்னொன்று புறங்கையால் தடவிய அந்தப் புடவை. பகையை நெஞ்சில் வைத்துக்கொள்ளாதே என்று பலர் சொன்னார்கள். நெஞ்சில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? எனக்கு வீடா இருக்கிறது, பீரோவா இருக்கிறது?

பிற்காலத்தில் நிறையக் கல்யாணத் துணிகள் என் கைவழியே போயின. அது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். ஒன்று மட்டும் பார்த்தேன். எந்தப் பெண்ணும் தன் கூறையைச் சும்மா எடுத்துக் கொடுப்பதில்லை. பெட்டியிலிருந்து எடுத்து, உதறி, கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தையாவது அதைப் பற்றிச் சொல்கிறாள். "இதுக்கு எங்க மாமியா என்னைப் பேசாத பேச்சில்ல." "அவரு போனப்புறம் இத்தத் தொடல." "கலர் எனக்குப் புடிக்கவே இல்ல, எவன் கேட்டான்." இந்த வார்த்தைகளை மறக்கக் கூடாது என்றுதான் நான் எழுதவே ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்புத் தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் கை அந்த மாம்பழ மஞ்சளுக்கே போகிறது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஆரஞ்சுச் சட்டை நண்பன் போன் செய்தான். "உன் மச்சான் ஊட்டுல நாளைக்குத் தொட்டில் பங்ஷன். தங்கச்சிக்குக் கொழந்த பொறந்துக்கீது. கம்பெனிக்கே சாப்பாடு சொல்லிக்கீறாரு."

கம்பெனிக்கே சாப்பாடு என்றால் எல்லோரும் இருப்பார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

காலையில் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பந்தல், இரண்டு வாழைமரம். உள்ளே கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அந்தத் தாய்மாமன் நாற்காலியில் இருந்தார். கிரேன்காரன் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். நடுவில் கொக்கியில் தொட்டில் தொங்கியது. எங்கள் கூறை. அதைத் தொட்டிலாகப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. முதல் தொட்டிலுக்குப் பெற்றவளின் கூறையைக் கட்டுவது பலர் வழக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன்தான் முதலில் பார்த்தான்.

"இன்னாடா, எங்க வந்தே? துன்றதுக்கா?"

"துன்ன வரல. கூறைய வாங்கினு போவ வந்தேன்."

"இன்னாது?"

"எங்கம்மா எடுத்த கூறை. தோ தொங்குதே, அதான்."

சிலர் சிரித்தார்கள். தாய்மாமன் தடியைத் தரையில் தட்டினார்.

"கட்டின கூறைய எவனாவது திருப்பிக் கேப்பானா? நல்ல நாள்ல வந்து அபசகுனம் புடிச்ச மாதிரி பேசறியே."

"அடுத்தவன் ஊட்டுக் கூறைய எவனாவது கட்டுவானா மாமா? அது மட்டும் நல்ல சகுனமா?"

அண்ணன் என் தோளைப் பிடித்தான். குரலைத் தாழ்த்தினான். "தபாரு, எவ்ளோ டப்பு வேணும்னு சொல்லு, குடுத்துடறேன். புள்ள பொறந்த ஊட்டுல பேஜாரு பண்ணாத."

"டப்பு வாணாம்."

"அப்ப இன்னாதான்டா வேணும் உனக்கு?"

"ஒரே ஒரு கேள்வி. அப்பால கூறை." கிரேன்காரன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, கல்யாணத்தன்னிக்குப் பட்டுச் சட்ட போட்டிருந்தீங்களே. நல்லா சேந்துச்சி உங்களுக்கு. யாரு எடுத்தது?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். பாவம், நல்ல மனுஷன். "மச்சான்தான் எடுத்தாரு" என்றான்.

"எப்ப எடுத்தாரு? எனக்குன்னு எடுத்த சட்ட உங்க ஒரு கைக்குக்கூட பத்தாது. என்னை ராத்திரி தொரத்தினாங்க. உங்களுக்கு விடியக்காத்தால முகூர்த்தம். நடுவுல எந்தக் கடக்காரன் தொறந்து வெச்சிருந்தான்?"

கிரேன்காரன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தொட்டிலை ஆட்டிய கை நின்றுவிட்டது.

"அண்ணா" என்றாள் அவள். "சட்ட எப்ப எடுத்தே?"

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கும்மா? இவன் ஒரு லூசு..."

"எப்ப எடுத்தேன்னு கேட்டேன்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டி பண்ணேன்."

பதில் வந்துவிட்டது. அவள் குழந்தையைத் தூக்கி, பாயசக் கையோடு இருந்த புருஷனிடம் கொடுத்தாள். கொக்கியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். தொட்டில் கட்டை தரையில் விழுந்து உருண்டது. குழந்தை அழத் தொடங்கியது. புடவையைச் சுருட்டி என் மார்பில் வீசினாள்.

"எடுத்துக்கினு போ. இனிமே இத்தத் தொட்டாலே எனக்கு ஒடம்பு கூசும்."

நான் பையில் திணித்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. அதைப் பார்த்து மேலும் சொன்னாள்.

"ரொம்ப சந்தோசப்படாத. உனக்கோசரம் குடுக்கல. உங்கம்மா பாத்துப் பாத்து எடுத்தாங்க, அவுங்களுக்குக் குடுக்கறேன். அன்னிக்கு என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டியா நீ? நான் ரூமுக்குள்ள உக்காந்துக்கினு இருந்தேன். நீ வரிசைல உக்காந்து ஐஸ்கிரீம் துன்னுட்டுப் போனே."

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அவளுடைய கணக்கு அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவில். அதை அவள் அன்றைக்கே தீர்க்க ஆரம்பித்துவிட்டாள் என்பது பின்னால் கேட்ட குரலில் தெரிந்தது. ஐஸ்கிரீம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். குழந்தைக்கு வேறு புடவை கிடைத்திருக்கும். அந்த வீட்டில் புடவைக்குப் பஞ்சம் இல்லை.

பொன்னேரியில் ரயில் ஏறினேன். சென்னையில் இறங்கி அரக்கோணம் ரயில் மாறினேன். திருவாலங்காட்டில் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். அக்காவுக்கு அங்கேதான் வீடு, அம்மாவும் அவளோடுதான். பையைத் தரையில் வைத்தேன். வாய் பிரிந்து அரக்கு பார்டர் ஒரு விரல் அளவு வெளியே தெரிந்தது. அம்மாவுக்கு அது போதும்.

"குடுத்துட்டாங்களா!" என்று அக்கா கை தட்டினாள்.

அம்மா குனிந்து முகர்ந்தாள். "கொழந்த கெடந்த துணி இது. பொண்ணா, புள்ளையா?"

"பாக்கல."

"அதக்கூட பாக்கலியா? தொட்டில அவுத்துக்கினு மட்டும் வரத் தெரிஞ்சிதா உனக்கு? படுபாவி."

"நான் அவுக்கலம்மா. அவளே அவுத்துக் குடுத்தா. உங்கிட்ட குடுக்கச் சொன்னா."

அம்மா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவளே குடுத்தாளா? அப்ப சரி" என்றாள்.

சட்டைக் கதையைச் சொன்னேன். கிரேன்காரன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்ததைச் செய்து காட்டினேன். அம்மா சிரித்தாள். அந்தக் கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பி வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அக்கா விடவே இல்லை. "அவன் மூஞ்சி எப்டி போச்சி? இன்னொரு தபா சொல்லு." சொன்னேன். "மாமன் இன்னா பண்ணாரு?" சொன்னேன். சோறு பரிமாறும்போது மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். பழி வாங்கினால் மனசு நிம்மதி அடையாது என்று சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரையும் பழி வாங்கிப் பார்த்ததில்லை போல. அன்று எங்கள் மூன்று பேருக்கும் சோறு நன்றாக இறங்கியது.

அம்மா அன்று ராத்திரியே புடவையைப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசி, விடிந்தாலும் வெயில் படாதபடி வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டாள். முடிச்சு விழுந்த இடத்தில் ஜரிகை உடைந்திருந்தது. அந்தச் சுருக்கம் இனிப் போகாது. "ஒரு தடவ கட்டிப் பாரேன்" என்று அக்கா சொன்னதற்கு, "உங்க நைனா போனப்புறம் எனக்கு இன்னாத்துக்கு மஞ்சப் பட்டு?" என்றாள். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புறங்கையால் ஒரு முறை தடவிவிட்டுப் போனாள்.

காலையில் தெருவில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. மேலே ஒலிபெருக்கி. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர். ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக வாங்குவார்கள். துணியைப் பொசுக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். திறந்திருந்த கதவு வழியாகக் கொடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரத்தது.

"அம்மா, அந்த மஞ்சப் பட்டு குடுக்கறியா? தோ, கல்லுல ஒரு ஒரசு ஒரசினா ஜரிக தெரிஞ்சிடும்."

"அதுல கை வெச்சே, கை இருக்காது" என்றாள் அம்மா.

"இன்னாம்மா, தங்கத்துலயா நெஞ்சாங்க?"

"போய்யா உன் வேலையப் பாத்துக்கினு."

அவர் சிரித்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி சும்மாதான் கீறியா? என்னோட கத்தறதுக்கு ஒரு ஆள் இருந்தான், நின்னுட்டான். வண்டி நான் ஓட்டறேன். மைக்ல நீ கத்து. நாஷ்டா, சாப்பாடு என்னுது. வரியா?"

"வண்டி எந்தப் பக்கம் போவும்?"

"இன்னிக்கு ஆர்.கே.பேட்டைப் பக்கம் போலாம்னு."

"அங்க வாணாம். கவரைப்பேட்டை போலாம். கம்பெனிக்காரங்க ஊடு. பொட்டி நெறைய பட்டு வெச்சிக்கீறாங்க."

"உனக்குத் தெரிஞ்ச எடமா?"

"ஒரு தெரு நல்லாத் தெரியும்."

உள்ளே அக்கா சிரித்துவிட்டாள். அம்மா எனக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள், வெயிலுக்கு.

திருவள்ளூர், பெரியபாளையம் தாண்டிப் போகும்போது மைக்கில் பேசிப் பழகினேன். சுலபமான வேலை. வாங்கும் பொருளை நீட்டி நீட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கவரைப்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் வண்டி திரும்பியது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழைமரம் இரண்டும் இன்னும் நின்றன. பந்தல் கம்பைப் பிடித்தபடி அவளுடைய அண்ணன் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டான். நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"பழைய பட்டு வாங்கறது... கிழிஞ்ச பட்டு, நைஞ்ச பட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டு, அடுத்தவன் எடுத்துக் குடுத்த பட்டு, தொட்டில் கட்டின பட்டு... எதுவா இருந்தாலும் எடுத்துக்கினு வாங்க... மாப்ளைக்கு முன்னாடியே எடுத்து வெச்ச பட்டுச் சட்ட இருந்தாலும் வாங்கிக்கறோம்..."

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "சட்டையெல்லாம் நாம வாங்கறதில்லப்பா."

"தெரியும்ணா" என்றேன். "வண்டிய கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க."